கூடிப்போன பால்

பால் குறைந்தால் எந்த வீட்டிலும் சந்தேகப்படுவார்கள். கூடினால் சந்தேகப்படுகிறவர் செக்கர் ஒருவர்தான். முப்பத்தோரு வருஷம் பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவர். பெற்ற மகளிடமே டிக்கெட் கேட்டார் என்று ஊரில் சொல்வார்கள். பொய், பாஸைத்தான் கேட்டார்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மனைவியோடு அவள் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நிலம், கொட்டகை, எட்டு ஆடுகள் எல்லாவற்றையும் மச்சினன்தான் பார்த்துக்கொண்டான். அறுபது வயதில் வீட்டோடு மாப்பிள்ளை! சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் தொண்டைக்குள் இறங்காது என்று, ஆடு கறக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கினார். காதில் வெள்ளைப் புள்ளி உள்ள ஆட்டை அவரிடம் விட்டார்கள். அதுவும் கைவிட்டுப் போனால் இந்த வீட்டில் தனக்கு என்ன மரியாதை இருக்கும் என்று உள்ளூரப் பயந்தார்.

முதல் நாள் மச்சினன் செய்து காட்டினான். காம்பின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடைத்துப் பிடித்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்க வேண்டும், இழுக்கக் கூடாது. செக்கர் இழுத்தார். ஆடு உதைத்தது. நான்காம் நாள் பால் சர்ரென்று பாத்திரத்தில் விழுந்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் பாத்திரத்தைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுத் தழை வெட்டப் போவார். மச்சினன் அதை அடுப்படியில் சேர்ப்பான். ஒருநாள் அடுப்படியில் எட்டிப் பார்த்தவருக்குச் சுருக்கென்றது. இவ்வளவா கறந்தோம்?

மறுநாள் ஒரு குச்சியைப் பாலில் விட்டு, நனைந்த இடத்தை நகத்தால் கீறி வைத்துக்கொண்டார். அடுப்படியில் அதே குச்சி இரண்டு விரற்கடை மேலே நனைந்தது. தண்ணீர்! வேறென்ன?

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் பொங்கிவிட்டார்.

“உன் தம்பி திருட்டுப்பய. நான் கறக்கிற பால்ல தண்ணி கலக்கிறான். மாமா கறக்கிறது தண்ணிப்பால்னு பேரைக் கெடுத்து, நம்மளை இங்கருந்து கிளப்பிவிடப் பாக்குறான்.”

அவள் முகம் சுண்டிப்போனது. “ஆறுது, சாப்பிடுங்க” என்றாள். இவளும் உடந்தை என்று முடிவுகட்டிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் கறந்து வைத்துவிட்டு, தழை வெட்டப் போகிறவர்போல் அரிவாளோடு கிளம்பி, சுற்றிவந்து வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினார். உடம்பெல்லாம் அரித்தது. மச்சினன் வந்தான். கையில் தண்ணீர்ச் செம்பு இல்லை, ஒரு கிண்ணம்தான் இருந்தது. ஆட்டின் பக்கத்தில் குந்தி, குட்டி முட்டுவதுபோல் மடியைக் கையால் இரண்டு முறை முட்டினான். காலி என்று செக்கர் சத்தியமே செய்திருப்பார். அந்த மடியிலிருந்து பால் பீய்ச்சியடித்தது. கிண்ணத்தில் கறந்ததை அப்படியே செக்கரின் பாத்திரத்தில் ஊற்றினான்.

“என்ன மாப்ள நடக்குது இங்க?”

மச்சினன் துள்ளி எழுந்தான். “மாமா... பால் கொஞ்சம் மெலிஞ்சதும் முடிஞ்சுதுன்னு எழுந்துடுறீங்க. முட்டிக் கொடுத்தாத்தான் மிச்சம் இறங்கும். தங்கிட்டா மடி வீங்கிடும், பாலும் வத்திடும்.”

“எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“அஞ்சாவது நாளே சொன்னேனே! எனக்கே சொல்லித் தர்றியான்னு கோவிச்சுக்கிட்டு அன்னைக்கெல்லாம் சாப்பிடாம கிடந்தீங்க. அப்புறம் அக்காதான், இனிமே சொல்லாதடா, அவர் மனசு விட்டுப்போயிடும்னுச்சு.”

செக்கர் மேலே ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். முந்தின நாள் மனைவியிடம் கொட்டிய வார்த்தைகளை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மிச்சத்தை மச்சினனுக்கே விட்டுவிட்டு, தான் கறந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரத்தில் பாதிகூட இல்லை.

“இவ்வளவுதான் நான் கறந்தது” என்று அவள் முன்னால் வைத்தார்.

அவள் பாலைப் பார்க்கவில்லை. “நீங்க அவனைத் திருடன்னு சொன்னதை அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லிடாதீங்க. உங்க மேல அவனுக்கு ரொம்ப மரியாதை.”