பெலிசா எழுதிய காரணம்

ரொசெண்டா கர்கனேரா இப்போது கடலோரத்து மீன்குஞ்சுப் பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறாள். அவளுக்குக் கீழே பதினோரு ஆண்கள். ஒருவனும் அவளிடம் இரண்டாம் முறை எதிர்த்துப் பேசியது கிடையாது. அந்த வாய் அம்மா லோலிங் வழியாக வந்தது என்று ஊரில் சொல்வார்கள். லோலிங்குக்கு ஏது வாய்? அது கெல்லாதா வீட்டு வாய். ரொசெண்டாவின் அப்பா திபூர்சியோ என் சின்னம்மாவின் பேரன். அவனைப் பெற்றவள் கெல்லாதா வீட்டுப் பெண். அந்த வீட்டில் பிறந்தவள்தான் பெலிசா, திபூர்சியோவுக்கு மாமன் மகள். ஆக, அடித்துக்கொண்டது இரண்டும் ஒரே ரத்தம்.

பெலிசா இலோய்லோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் நர்சிங் பிள்ளைகளுக்கு எலும்பு, நரம்புப் பாடம் நடத்தினாள். ரொசெண்டாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றதும் அவள்தான். எங்கள் பக்கம் ஞானத்தாயை நினாங் என்று கூப்பிடுவோம். நினாங்கைக் கண்டால் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். பெலிசாவுக்கு அது தினமும் வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். நர்சிங்கில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான் என்பதால் முதல் வருஷம் முழுக்க ரொசெண்டா வராந்தாவில் குனிந்து குனிந்து அந்தக் கையை நெற்றியில் வைத்தாள்.

இரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளைப் பார்த்ததுமே அவளுக்கு ஆகவில்லை. பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மீன்வளப் படிப்புக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தாள். அதை நினாங்கிடம் சொல்லவில்லை, நேரே மீன்வளத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஏட்டில் ஒரு பெயில்கூட இருக்கக்கூடாது. இந்தப் பருவத்தில் வேண்டாத பாடத்தை முறைப்படி விட்டுவிடலாம், ஆனால் விட்டதற்குக் காரணம் சரியாக இருக்க வேண்டும்.

வேண்டாத பாடம் என்றால் பெலிசாவின் பாடம்தான். ரொசெண்டா வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். விலகல் சீட்டில் வாத்தியாரிடம் கையெழுத்து வாங்காமல், போகாவிட்டாலே விட்டதாகிவிடும் என்று நினைத்தாள். அந்தத் தப்பை அங்கே வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகள் செய்யும்.

எங்கள் கிம்பால் ஊரில் முக்கால்வாசிக் குடும்பப்பெயர் ஒரே எழுத்தில் தொடங்கும். வகுப்பில் எழுத்து வரிசைப்படி உட்கார வைத்தால் ஒரு வரிசை முழுக்க எங்கள் ஊர், பாதிப்பேர் சொந்தம். அந்த வரிசையைப் பார்த்து பெலிசா வகுப்பு நடக்கும்போதெல்லாம் "கர்கனேரா" என்று கூப்பிடுவாள். பதில் வராது.

"உங்க ஊர் மகாராணி மீனுக்கு ஊசி போடப் போறாளாம். வார்டுல ரெண்டு ராத்திரி நிக்க முடியல. குளத்துல நிப்பாளாமா?"

வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஜீப்னி வண்டி ஏறி அன்று சாயங்காலமே லோலிங்கிடம் வந்து சேர்ந்துவிடும்.

லோலிங்குக்குச் சந்தையில் பால்கெண்டைக்கு முள்ளெடுக்கும் வேலை. மீனை முதுகில் பிளந்து, இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக உருவ வேண்டும். ஒரு மீனுக்கு இருநூறு முள்ளுக்குக் குறையாது. ரொசெண்டா ஏழு வயதிலிருந்து கூட உட்கார்ந்து உருவியவள். அன்றும் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆறு நாள் போகலையாம் நீ. ஏழானா பெயில்னு சொன்னாங்க," என்றாள் லோலிங்.

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? பாடத்தை விட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம். அவகிட்ட போய் கையெழுத்து வாங்கு. கையை எடுத்து நெத்தியில வச்சா ஒரு நிமிஷ வேலை."

"அந்தக் கையை வெட்டிக் குடுத்தாங்கன்னா வைக்கிறேன்."

"இந்தாய், அவ உனக்கு நினாங்."

"தெரியும் நாய். அதான் கடிக்கிறா."

எங்கள் பக்கம் மகளை இந்தாய் என்றும் அம்மாவை நாய் என்றும்தான் கூப்பிடுவது. தமிழ் தெரிந்த உங்களுக்குச் சிரிப்பு வரலாம், அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆசிரியர் அறைக்குப் போனாள். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். பெலிசா நாற்காலியில் சாய்ந்தபடி வலது கையை மேசைமேல் நீட்டி வைத்துக் காத்திருந்தாள். அந்தக் கையில் ரொசெண்டா விலகல் சீட்டை வைத்தாள்.

"இதுதான் மரியாதையா?"

"கையெழுத்து கேட்டு வந்தேன், மிஸ்."

"நினாங் போய் மிஸ் ஆயிட்டேனா?"

"கிளாஸ்ல நீங்க என்னைய மகாராணின்னீங்களே, அதுக்கு முன்னாடி வரைக்கும் நினாங்தான்."

பெலிசா சிரித்தாள். "உனக்கு இடம் வாங்க மூணு பேரு வாசல்ல நின்னேன். இப்ப நீ போனா எனக்கு ஒரு நாற்காலி மிச்சம். குடு பேனாவை."

சீட்டில் காரணம் எழுதும் கட்டத்தை ரொசெண்டா காலியாகத்தான் விட்டிருந்தாள். எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள். வாத்தியார் கையெழுத்து போட்டபின் 'நேரம் ஒத்துவரவில்லை' என்று தாங்களே எழுதிப் பதிவு அலுவலகத்தில் கொடுப்பது வழக்கம். பெலிசா நிதானமாக எழுதிக் கையெழுத்து போட்டு, சீட்டை மடித்துக் கொடுத்தாள். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாளே என்று ரொசெண்டாவுக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அவளுக்கோ அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

வரிசையில் நின்று ஜன்னலை நெருங்கியபோதுதான் பிரித்துப் பார்த்தாள். காரணக் கட்டத்தில் பெலிசாவின் அழகான கையெழுத்தில் இருந்தது: 'பாடத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை.'

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா கை நீட்டினார். "குடும்மா, அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

"இதை அடிச்சு எழுதலாமா?"

"அடிச்சா செல்லாது. புதுச் சீட்டு, புதுக் கையெழுத்து."

மணி நாலேமுக்கால். சீட்டைக் கொடுத்தால் அந்த வரி அவள் ஏட்டோடு மீன்வளத் துறைத் தலைவரின் மேசைக்குப் போகும், அவர் சேர்க்க மாட்டார். கொடுக்காவிட்டால் பருவம் முடியும்வரை பெலிசாவின் வகுப்பு. பெலிசா பெயில் போட்டாலும் அந்தக் கதவு அடைபட்டுவிடும். பின்னால் நின்ற பிள்ளை இடித்தாள். "போடுறதுன்னா போடு, இல்லன்னா நகரு."

ரொசெண்டா நகர்ந்தாள்.

திங்கட்கிழமை பெலிசா வழக்கம்போல் "கர்கனேரா" என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன், மிஸ்."

பெலிசா ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "கடைசி நாள் போயிடுச்சு, தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

அதன்பின் மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் போனாள். பெலிசா எல்லாக் கேள்வியையும் அவளிடமே கேட்டாள். சரியாகச் சொன்னால் அடுத்தவளைப் பார்ப்பாள், தப்பாகச் சொன்னால் கிம்பால் வரிசையைப் பார்த்துச் சிரிப்பாள். ஊரில் திபூர்சியோ கெல்லாதா வீட்டுச் சாவுக்குக்கூடப் போகவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பெண்மணி தேர்வாளராக வந்திருந்தாள். மற்றவர்களுக்கு எலும்பைத் தட்டில் வைத்துக் கேட்டார்கள். ரொசெண்டாவின் முறை வந்தபோது பெலிசா மணிக்கட்டு எலும்பு எட்டையும் துணிப்பையில் போட்டுக் கட்டினாள்.

"நல்ல நர்சுன்னா இருட்டுலயும் சொல்லணும். கையை விட்டுச் சொல்லு."

ரொசெண்டா பைக்குள் கையை விட்டாள். தலைமுடி மாதிரி முள்ளைச் சதைக்குள் தடவியே கண்டுபிடித்த விரல்கள் அவை. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி மேசையில் வைத்தாள். ஏழு வைத்தபின் பட்டாணி மாதிரி இருந்த எட்டாவதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, முட்டிக்கிச்சா?" என்றாள் பெலிசா.

"பேரு தெரியும். ஆனா இது இந்தக் கையோடது இல்லை. அந்த ஏழும் வலது கை, இது இடது. நீங்க மாத்திப் போட்டுட்டீங்க, மிஸ்."

வெளியிலிருந்து வந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். பிறகு பெலிசாவைப் பார்த்தாள். தன் தாளில் எழுதிக்கொண்டாள்.

பெயில் போட வழியில்லாமல் போயிற்று. அங்கே ஒன்று உச்ச மதிப்பெண், மூன்று பாஸின் கடைசிப் படி. பெலிசா மூன்று போட்டாள். மீன்வளத் துறைத் தலைவர் ஏட்டைப் பார்த்து, "எலும்புல மூணு வாங்கிட்டு எங்ககிட்ட வந்து என்ன பண்ணப்போற?" என்று கேட்டாராம். "மீனுக்கும் எலும்பு இருக்கே, சார்," என்றாளாம். சேர்த்துக்கொண்டார்.

பெலிசா ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டாள். கோவிலில் எதிரெதிர் பெஞ்சில்தான் இருவரும் உட்காருவார்கள். பூசை முடிந்ததும் பெலிசா கதவோரம் வந்து நிற்பாள், கை சற்று நீண்டிருக்கும். ரொசெண்டா பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவாள்.

பண்ணையில் அவள் மேசைக்கு மேலே, தண்ணீர்ச் சூடு குறிக்கும் தாளுக்குப் பக்கத்தில், அந்த விலகல் சீட்டைக் குத்தி வைத்திருக்கிறாள். எழுத்து இன்னும் மங்கவில்லை. வேலையாட்களில் யாராவது முடியவில்லை, வேலையை விட்டுப் போகிறேன் என்று வந்து நின்றால், அந்தக் காரணக் கட்டத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டுவாள்.

"இதையே உனக்கும் எழுதட்டுமா?"