அண்ணாச்சி பனியனில் ஆரஞ்சுக் கறை

டிபி மாத்திரை கொடுப்பது சுலபம், யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்று நினைவில் வைத்திருப்பதில்தான் தலை சுற்றும். என்னைப் போலவே மாத்திரைப் பையோடு வீடு வீடாக அலைகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், குழப்பத்தை மாற்றவில்லை.

வாடிக்கையாளர்

ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கராஜ் அண்ணாச்சிக்கு ஹெச்.ஐ.வி., அதோடு டிபியும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே மனைவி ராஜக்கனிக்குத் தெரியாது. வீட்டுப் பக்கம் வராதே, கடைக்குச் சாமான் வாங்க வருகிற மாதிரி வா என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் வாரா வாரம் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய், ஒரு வாரத்து மாத்திரையை நைசாகக் கொடுத்து, அன்றையதை அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, கால் கிலோ கருப்பட்டியோடு திரும்புவேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் கல்லாவில் ராஜக்கனி இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏளா, ஒங்க வீட்டுல கருப்பட்டிய மட்டுந்தான் திங்கியளா?"

கறை

டிபி மாத்திரையால் சிறுநீர், வியர்வை எல்லாம் ஆரஞ்சாகும். அண்ணாச்சியிடம் முன்பே சொல்லியிருந்தேன், அவர் பயப்படவில்லை. ஆனால் பனியனைத் துவைக்கிறவள் ராஜக்கனி அல்லவா? அதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னை மறித்தாள். டிபி என்று சொல்லலாமா, சொன்னால் அடுத்து எதைக் கேட்பாளோ என்று நான் விழித்துக்கொண்டிருக்க, என் நெற்றியையே பார்த்தபடி கேட்டாள்: "அவரு பனியன்ல ஒட்டியிருக்கது ஒன் குங்குமந்தான?"

மன்றாட்டு

எனக்கு ஆத்திரமாக வந்தது. நேராக அண்ணாச்சியிடம் போனேன். நீங்கள் இருமிய வீட்டில்தான் அவளும் இருக்கிறாள், இரண்டு நோய்க்கும் அவளைப் பரிசோதிக்க வேண்டும், நடுவில் என் மானமும் போகிறது என்று மன்றாடினேன். அவர் பருப்பை நிறுத்தபடியே சொன்னார்: "வப்பாட்டின்னே நெனைக்கட்டும்மா. அதுக்குன்னா சண்ட போட்டுட்டுச் சோறு போடுவா. இதச் சொன்னா பக்கத்துல வருவாளா?"

ஷட்டர்

ராஜக்கனிக்கும் இருமல் வந்தபோது மனிதர் ஆடிப்போனார். மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இரண்டையும் சொன்னார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

சளியில் டிபி இல்லை. ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. தினமும் மாத்திரை சாப்பிட்டால் நன்றாக வாழலாம் என்று அவளிடம் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருட்ட எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிரு. தன்னாலதான்னு தெரிஞ்சா அவரு மாத்திரய விட்டுருவாரு."

இப்போது அந்த ஒரே வீட்டில் எனக்கு இரண்டு நோயாளிகள். ஒருவர் மாத்திரை சாப்பிடுவது மற்றவருக்குத் தெரியக்கூடாது, அந்த ஒருவர் யார் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.