யாரிடம் விடுவது

"கன்னத்த உப்பிக்கோ," என்றாள் அம்மா. துரை வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டான். தங்கை அவன் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். சவரக் கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது.

துரை என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். வயது நாற்பது தாண்டிவிட்டது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். பொத்தான் போடத் தெரியும், செருப்பில் இடம் வலம் தெரியாது.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்சைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. முதலில் ரத்தத்தில் பார்த்தார்கள், பிறகு வயிற்றிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் துரைக்கு இருப்பதுதான் வந்தது. வைத்துக்கொள்வதும் கலைப்பதும் உங்கள் முடிவு, தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

புருஷன், நீ எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். மாமியார், விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்று சுவரிடம் சொன்னாள். எந்த வயிற்றிலும் நேரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னதைப் புருஷன் எடுத்துச் சொன்னான், சுவர் நம்பவில்லை. கடை முதலாளி, அந்த மாதிரிக் குழந்தைகள் ரொம்ப அன்பானவர்கள் என்றார். துரை கடைக்கு வந்தால் அலமாரியைப் பூட்டிவிடுகிறவர் அவர்.

அவளுக்கு எந்தப் பக்கமும் மனம் போகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல அது மரத்துக் கிடந்தது. அம்மா எப்படியும் வைத்துக்கொள் என்பாள், அப்படியே செய்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"வேண்டாம்டி," என்றாள் அம்மா. கத்தி நிற்கவில்லை.

துரை காற்றை விட்டான். "மீச வேணும்."

"இருக்கறது பத்து முடி. அதுக்குப் பேரு மீசையா?" அம்மா அவன் கன்னத்தைத் தட்டினாள். பிறகு மகளைப் பார்க்காமல், "நான் போறப்ப இவன உங்கிட்ட விட்டுட்டுப் போவேன். நீ போறப்ப யாருகிட்ட விடுவ?" என்றாள்.

"நீ இவன வேணாம்னு நெனச்சிருக்கியாம்மா?"

"எங்கிட்ட யாரும் கேக்கல." அம்மா கத்தியைக் கிண்ணத்தில் அலசினாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ. இப்ப இவன் இருக்கான்."

இருக்கான் என்றதும் துரை கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல. அம்மா கையை இறக்கிவிட்டு மறு கன்னத்துக்குப் போனாள்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து புருஷனுக்குப் போன் செய்து, வேண்டாம், நாளைக்கே போய்விடலாம் என்றாள். அத்தை சொன்னாங்களா என்று கேட்டான்.

"நான் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். மத்தியானம் வலி வந்தது. சாயங்காலம் முடிந்தது. பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றாள். புருஷன் ரொட்டி வாங்கிவந்தான், பாதி தின்றாள். அம்மா வரவில்லை. துரையைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் இல்லை. போனில் துரை பேசினான். எப்போது வருவாய் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றாள். சரி என்று வைத்துவிட்டான்.