கோட்டோரம் நின்ற எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரில் எனக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருப்பதாக அண்ணன் மகள் சொன்னாள். "சித்தப்பா, ப்ளீஸ், இட்ஸ் அபவுட் அப்பா, நாட் அபவுட் யூ" என்று ஒரு எச்சரிக்கையும் விடுத்தாள். அவள் பயம் நியாயமானது. அண்ணன் திருமணத்தில் வாழ்த்திப் பேச எழுந்தவன், என் பி.எஸ்ஸி. அரியர்ஸைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்தவன் நான். ஆகவே முடிந்தவரை ஒதுங்கி நின்று எழுதுகிறேன். முடியாத இடங்களில் உறவினரும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் அண்ணன் சென்னை பெரம்பூரில், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் சர்ச்சில் பூசை, மத்தியானம் கறிச்சோறு, சாயந்திரம் ஃபுட்பால். இந்த மூன்றில் எதைத் தவறவிட்டாலும் வீட்டில் விசாரணை உண்டு. அண்ணனுக்கு ஆட வராது. "பந்தைப் பாத்தாலே இவன் காலுக்கு வெக்கம் வந்துடுது" என்பார் அப்பா. ஆனால் பார்க்கத் தெரியும். பந்தில்லாத பக்கம் யார் ஓடுகிறான் என்பதைக்கூட கவனித்துவிட்டு வந்து சொல்வார். நானோ அண்ணனைவிட மோசமாக ஆடினேன், பார்க்கவும் தெரியாது. சுண்டல் விற்பவர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதில் மட்டும் தப்பு விட்டதில்லை.

அண்ணன் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அதன்பின் காலையில் கல்லூரி, மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், நடுவில் என் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் சொல்வது என்று அண்ணன் ஒரு குடும்பத்தையே தோளில் வைத்து நடந்தார். அம்மாவுக்கு எதிரில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மேற்படிப்புக்கு இடம் கிடைத்து அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் நியூவர்க் வந்து, படிப்பு முடிந்ததும் பாலங்களைப் பரிசோதிக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருடங்களில் என்னையும் வரவழைத்துக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வந்து இறங்கியபோது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில், அண்ணனும் அண்ணியும் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் இருந்தார்கள். அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவர்கள் சோபாவில் ஒரு மாதம் தங்குவதாகச் சொன்னேன். அந்த மாதம் எப்போது முடிந்தது என்பதை அண்ணி இன்றும் நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருக்கிறார்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அண்ணன் ஏமாந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆபீஸில் ஒருவரிடம் "இங்கே ஃபுட்பால் எங்கே நடக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அவரும் அன்பாக ஒரு ஹைஸ்கூல் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அண்ணன் பின்னர் சொன்னது இது:

"டேய், முழு மேட்சும் உக்காந்து பாத்தேன்டா. ஒருத்தன்கூட ஒழுங்கா கால்ல தொடல. கையில தூக்கிட்டு ஓடறான், அவன் மேல பத்து பேர் விழறான். பெரம்பூர்ல காலையில பஸ் ஏறற மாதிரியே இருந்துச்சு."

அதே ஆபீஸைச் சுத்தம் செய்ய வரும் போர்த்துகீசியர் ஒருவர்தான், "நீ கேட்பதற்கு இங்கே சாக்கர் என்று பேர்" என்று சொல்லி, நியூவர்க்கில் தங்கள் கிளப் மைதானத்துக்கு வழி காட்டினார். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

பெரிய ஸ்டேடியம், பெரிய டீம் எதுவும் அண்ணனுக்கு வேண்டாம். பேப்பரில் எறும்பு அளவு எழுத்தில் ஸ்கோர் மட்டும் வரும் கிளப்புகளைத்தான் தேடுவார். எலிசபெத் நகரில் தொழிற்சாலைக்குப் பின்னால் மின்கம்பிக்குக் கீழே ஒரு மைதானம். கிளிஃப்டனில் சர்ச்சுக்குப் பின்னால் ஒன்று, அதில் ஒரு கோல்போஸ்ட் மேட்டில், மற்றது பள்ளத்தில். இத்தாலியர், கிரேக்கர், போலந்துக்காரர், உக்ரைன்காரர் என்று வாரம் ஒரு நாடு. பூசை முடிந்ததும் பழைய ஸ்டேஷன் வேகனில் அண்ணன் மேப்போடு முன்னால். நைட் ட்யூட்டி முடித்த அண்ணி தக்காளி சாதப் பாத்திரத்தோடு பக்கத்தில். நான் பாத்திரத்தைப் பார்த்தபடி பின்னால். ஒரு மைதானத்துக்கு ஒரு தடவைதான் போவது என்பது அண்ணனின் சட்டம். "பாத்ததையே பாக்கறதுக்கு வீட்ல டிவி இருக்கு" என்பார்.

தேனிலவுக்கு நயாகரா போனதை அண்ணி இப்படித்தான் சொல்வார்: "நயாகராவைக் கார்ல இருந்து இறங்கி ஒரு எட்டு பாத்தோம். வர்ற வழியில ராச்செஸ்டர்ல ஒரு கிரவுண்டு. அங்க மழையில முழு மேட்சும் நின்னோம். ஃபோட்டோல பின்னால தண்ணியா கொட்டுதே, அது ஃபால்ஸ் இல்ல."

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் யாரும் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். அண்ணன் எந்த ஊரிலும் இந்த மரியாதையைக் கைவிட்டதில்லை, ஆங்கிலத்திலும் கைவிட்டதில்லை. ஒவ்வொரு மைதானத்திலும் கிளம்பும்போது அங்கிருக்கும் பெரியவரின் கையைப் பிடித்து, "ஓகே சார், ஐ வில் கோ அண்ட் கம்" என்பார். திரும்பிப் போகவே மாட்டேன் என்று சட்டம் வைத்திருந்தவர், நியூ ஜெர்சி முழுக்க இப்படி வாக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஸ்டீவ் என்ற ஒருவரைத் தவிர.

ஸ்டீவ், பாசாயிக் ஆற்றோரம் இருந்த ஒரு ஹங்கேரியர் கிளப்பின் செயலாளர், பேக்கரி வைத்திருந்தவர். அண்ணன் வழக்கப்படி விடைபெற்றதும் அவர் கையை விடவில்லை. "கம்? நெக்ஸ்ட் சண்டே?" என்றார். அண்ணன் தலையை நம் ஊர் வழக்கப்படி இரண்டு பக்கமும் ஆட்டிவைத்தார். விசிட்டிங் கார்டும் கொடுத்தார்.

அந்த வாரம் ஃபோன் வந்தது. எடுத்தது நான். "யுவர் பிரதர். சண்டே. லைன்ஸ்மேன்" என்றது குரல். சின்ன லீகில் ஒவ்வொரு கிளப்பும் கோட்டோரம் கொடி பிடிக்க ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும். அவர்களுடைய வழக்கமான ஆள் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய்விட்டார். ஸ்டீவ் அந்த இடத்தில் அண்ணன் பேரைக் கொடுத்துவிட்டார். அது சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அந்த டிவிஷனிலேயே இருப்பார்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கிவிடுவார்கள்.

அண்ணி கேட்டார். "ஏங்க, ஒரு தடவை போன கிரவுண்டுக்கு மறுபடி போறதில்லைன்னு சொன்னீங்களே?"

"வரேன்னு சொல்லிட்டேனேம்மா."

"மளிகைக் கடையில இருந்து கிளம்பும்போதுகூடத்தான் வரேன்னு சொல்றோம். கடைக்காரர் என்ன, எல போட்டுட்டா காத்திருக்காரு?"

"இவர் போட்டுட்டாரே" என்றார் அண்ணன்.

போனோம். அந்த வரவேற்பை என்னால் மறக்க முடியாது. அதுவரை எல்லா மைதானத்திலும் வேலியோரம் நிற்கும் விருந்தாளிகள் நாங்கள். அன்று ஸ்டீவ் அண்ணனைத் தோளோடு அணைத்து, "ஔவர் மேன்! ஔவர் மேன்!" என்று எல்லோரிடமும் காட்டினார். கிளப் கிழவிகள் அண்ணியின் சேலையைத் தொட்டுப் பார்த்து, மேலே போட்டிருந்த கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு கிண்ணம் சிவப்பு சூப் கிடைத்தது. அடுத்த கிண்ணமும் கிடைத்தது. அந்த நிமிடம் முதல் நான் ஹங்கேரியன்.

கிளப் லைன்ஸ்மேனுக்கு ஒரே வேலைதான். பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ரெஃபரி பார்த்துக்கொள்வார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நம் பக்கத்து விங்கர், லாசி என்ற பையன், பந்தைத் துரத்திக்கொண்டு அண்ணன் நின்ற கோட்டோரமாக ஓடி வந்தான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. லாசி காலை நீட்டி அதை உள்ளே இழுத்து, அதே வேகத்தில் கோல் முன்னால் தூக்கிப் போட்டான். ஒருவன் தலையால் முட்ட, கோல். மைதானமே எழுந்து குதித்தது. ஸ்டீவ் தொப்பியைத் தூக்கி எறிந்தார். நான் முன்பின் தெரியாத ஒரு அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். கோட்டோரம் அண்ணன் அசையாமல் நிற்கிறார். கொடி மேலே.

தமிழில் கத்தினால் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் கத்தினேன். "அண்ணா! கொடியைக் கீழ போடுண்ணா! நம்ம டீம்ண்ணா! சூப்பு குடிச்சிருக்கோம்ண்ணா!"

காரில் தூங்குவதாக நான் நினைத்திருந்த அண்ணி என் பின்னால் நின்றார். "நீங்க சும்மா இருங்க தம்பி. பந்து அவுட்டு. நானும் பாத்தேன்."

ரெஃபரி ஓடி வந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "வாஸ் இட் அவுட்?"

"எஸ் சார்."

"நீ இந்த கிளப்பின் ஆள்தானே?"

"எஸ் சார்."

"ஆர் யூ ஷ்யூர்?"

"எஸ் சார். ஃபுல் பால், சார்."

கோல் இல்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகவே முடிந்தது. கிளப் கீழே இறங்கியது.

நான் ஏற்கெனவே கார் கதவைத் திறந்து வைத்திருந்தேன். "அண்ணா, அப்படியே கிளம்பிடலாம். யாரும் பாக்கல."

"கொடி அவங்களுதுடா. குடுத்துட்டுத்தான் போகணும்."

"சுவத்துல சாத்தி வச்சிட்டு வாண்ணா!"

"கையில குடுத்தாங்க, கையிலதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளப் கட்டடத்துக்குள் போனார். பின்னால் அண்ணி. அவருக்குப் பின்னால், அவர் கோட்டின் மறைவில், நான். அண்ணன் நேராக ஸ்டீவிடம் போய்க் கொடியை நீட்டினார். "சாரி சார். பட் இட் வாஸ் அவுட்." ஸ்டீவ் கொடியை வாங்கவில்லை. அண்ணன் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை.

மூலையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த லாசி தலை நிமிராமலே சொன்னான். "இட் வாஸ் அவுட், ஸ்டீவ். ஐ நோ. ஐ கிக்ட் இட்."

ஸ்டீவ் அவனைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் போய் ஒரு கிண்ணம் நிறைய சூப் ஊற்றிக்கொண்டு வந்து, கொடியை வாங்கிக்கொண்டு, அது இருந்த கையில் கிண்ணத்தை வைத்தார். "ஈட்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த சீசன் கீழ் டிவிஷனில் தொடங்கியது. அண்ணனின் சட்டம் அந்த ஒரு மைதானத்துக்கு மட்டும் செல்லாமல் போனது. அந்தக் கோடு அவருடையதாகிவிட்டது. வந்த கிளப்புகள் எல்லாம் கதையைக் கேள்விப்பட்டிருந்தன. சொந்த டீமின் கோலையே மறுத்த இந்தியன் யார் என்று பார்க்க வருவார்கள். அவர் கொடி தூக்கினால் எதிராளி வாயைத் திறக்க மாட்டான்.

ஒரு ஞாயிறு, வந்த டீமிடம் லைன்ஸ்மேனுக்கு ஆள் இல்லை. ஸ்டீவ் தங்கள் ஆட்களில் ஒருவரைத் தருவதாகச் சொன்னார். எதிர் டீம் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அண்ணனைக் காட்டி, "இவர் வீட்டு ஆள் யாராவது இருந்தால் கொடுங்கள்" என்றார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன். ஸ்டீவ் என்னைத் தாண்டிப் போய்க் கொடியை அண்ணி கையில் கொடுத்தார். அன்று தமிழில் நான் கத்தியது அவருக்கு எப்படியோ புரிந்திருக்கிறது.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கோட்டில் அண்ணன், எதிர்க் கோட்டில் நீலச் சேலையும் நர்ஸ் ஷூவும் கோட்டுமாக அண்ணி. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத இரண்டு கூட்டம், நடுவே சண்டை போடக் காத்திருந்த இருபத்திரண்டு பேர். இவர்கள் இருவர் சொன்னதுதான் சரி என்று அத்தனை பேரும் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா வந்து நம்மில் பலர் பெரிய பதவிகள் பார்த்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைவிட உயரத்தில் நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

பின்னர் பிள்ளைகள் வந்தார்கள், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் வீடு வந்தது, நான் வேலை மாறி டெக்ஸஸுக்குப் போனேன். கடைசி வருடங்களில் அண்ணனுக்கு நடை தளர்ந்தது, பேச்சும் குறைந்தது. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் சக்கர நாற்காலியைப் பக்கத்துப் பார்க்குக்குத் தள்ளச் சொல்வார். சின்னப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலியை யாரிடமும் காட்டாமல், குடும்பத்தார் சூழ, ஜெபத்தின் நடுவே இறைவனடி சேர்ந்தார்.

நோயின் நாட்களில் இரவும் பகலும் உடனிருந்த மகளுக்கும் மருமகனுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், நாங்கள் கேட்காமலே சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு ஆன்ட்டிகளுக்கும், அடக்கத் திருப்பலிக்கும் இன்றைய ஆண்டு நினைவுத் திருப்பலிக்கும் தூரம் பாராமல் வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்தன்று ஸ்டீவின் மகள் வால்நட் ரொட்டிகளோடு வந்திருந்தார். ஸ்டீவ் காலமாகிப் பல வருடங்கள். சர்ச் ஹாலில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "அப்பா அடிக்கடி சொல்வார், உங்கள் கணவரின் கொடியோடு எங்களுக்கு ஒருநாளும் தகராறு இல்லை. உங்கள் கொடிதான் கொஞ்சம் அதிகப்படி. பாதி பந்து உள்ளே இருக்கும்போதே தூக்கிவிடுவீர்களாம்."

காலையிலிருந்து தலை குனிந்தே உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நோ," என்றார். "ஃபுல் பால் அவுட்."