கொழும்புக் கதவின் சாவி

எங்கோ இருக்கும் கணினிக்குள் சாவி போட்டு நுழைகிற தொழிலில், கதவு திறந்தால் நம்மை யாரும் நினைப்பதில்லை. திறக்காவிட்டால் நம்மைத் தவிர யாரையும் நினைப்பதில்லை. இதில் வெந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் அதுதான் என் வேலை. கொழுந்து நிறையை அன்றன்றே கொழும்புக் கணினியில் ஏற்றினால் காரியாலயம் இருக்கும். தவறினால் மூடி, இரத்தினபுரியோடு சேர்த்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

ஆணி

எங்கள் தோட்டத்தில் எந்தச் சாவியும் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கரின் அறைப் பலகையில் தொங்கவேண்டும். என் சாவி கணினிக்குள் இருக்கும் ஒரு கோப்பு, தொங்கவிட முடியாது என்றேன். அவர் விடவில்லை. நான் லீவில் போன அன்று அதை டிஸ்கெட்டில் எடுத்து, நூல் கட்டி, ஸ்டோர் சாவிக்கும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா சாவிக்கும் நடுவே மாட்டிவிட்டார். லேபிளில் ‘கொழும்பு’ என்று அழகாக எழுதியும் இருந்தார்.

“தொறக்கிறது எதுவா இருந்தாலும் சாவிதாங்க மிஸ். நீங்க சொகமில்லாம படுத்துட்டா, நாங்க கதவ ஒடைக்கிறதா?”

பாதி

கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கணினி அதிகாரி, எங்கள் வாயில் மாத்தயா, பலகையைப் பார்த்ததும் முகம் கறுத்தார். யாரும் எடுத்துப் போகக்கூடிய அந்தச் சாவி இனிச் செல்லாதபடி கொழும்புக் கணினியில் உடனே அழிக்கச் சொன்னார். இந்தச் சாவி இரண்டு பாதிகள் கொண்ட சோடி; பூட்டுப் போல ஒன்று, அதைத் திறக்க ஒன்று. நான் புதுச் சோடி செய்தேன். பூட்டுப் பாதி கொழும்புக்கு. மறு பாதி என் கணினியை விட்டு அசையக்கூடாது. அதற்குள் மழையில் லைன் அறுந்து, நிறை போகாமல் தேங்கியது. காரியாலயம் போய்விடுமோ என்று பெரிய கிளாக்கர் சாப்பாட்டையே தொடவில்லை. மாத்தயா தமிழில் ஆறுதல் சொன்னார்.

“எங்க சாவியையும் உங்க மெஷின்ல போடுங்க மிஸ். அனுப்புறதுல ஏதும் கோளாறுன்னா நாங்களே உள்ள வந்து பாக்கலாம்தானே. உங்களுக்கும் லேசு.”

உள்ளே

என் கையாலேயே போட்டேன். முதலில் லைன் வழியே பழுது பார்க்க வந்தார்கள். பிறகு, தொழிற்சாலைத் தராசிலிருந்து என் கணினியில் பதிந்த நிறையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பனி விலகுமுன் நான் வந்தால், எனக்கு முன்பே வந்து போன தடம் திரையில் இருக்கும். ஒரு காலை கொழும்பு என் சாவியை ஏற்கவில்லை. தொலைபேசியில் மாத்தயா தணிந்த குரலில், இனி எல்லாம் அங்கிருந்தே நடக்கும், காரியாலயத்தை மூடுகிறோம் என்றார். என் முதுகுக்குப் பின்னால் நின்று, ‘அனுமதி இல்லை’ என்ற ஆங்கில வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார் பெரிய கிளாக்கர்.

“நாமதானே மிஸ் அவங்கள உள்ள விட்டோம்? இப்ப நம்மளையே யாருன்னு கேக்குதே.”

பூட்டை மாற்றுகிறவர்களுக்குச் சாவிக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை போலிருக்கிறது.