உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்குத்தான் சேலை

மின்வாரியத்தில் அவரிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊழியர் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தாலும் தெருக்களில் எல்லோருக்கும் அவர் மீட்டரம்மாதான். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துவரும் வேலைக்கு எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர்.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. சேலை, அதில் ஏழு ஊக்கு, கையில் டார்ச், கக்கத்தில் தடித்த நோட்டு. மீட்டர்களை ஏதோ கண்ணாமூச்சி விளையாட்டுக்கு ஒளித்துவைத்ததுபோல வைத்திருப்பார்கள்: மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நாய் கட்டியிருக்கும் மூலையில். ஒரு வீட்டில் பரண் உயரத்தில் இருந்த மீட்டரைப் பார்க்க முக்காலிமேல் ஏறியவர், இறங்கும்போது தன் சேலைக் கரையையே மிதித்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு அலுவலகம் போனால் ஆறுதலுக்குப் பதில் இடமாற்றம் காத்திருந்தது.

"இதுக்குத்தான் பொம்பளைங்களை வெளிவேலைக்குப் போடக் கூடாதுன்னு சொன்னேன். உள்ளே உட்கார்ந்து பேரேடு எழுதும்மா" என்றார் பிரிவு அதிகாரி.

"கை உடைஞ்சது வேலையால இல்ல சார், சேலையால. பேன்ட் சட்டை போட அனுமதி குடுங்க, கை சரியானதும் வெளிவேலைக்கே போறேன்."

"பெண் ஊழியர்கள் சேலைதான் கட்டணும்னு சுற்றறிக்கை இருக்கு. முப்பது வருஷமா இருக்கு. நான் என்ன பண்ண?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேன்ட் விஷயம் மட்டும் அம்மா காதுல விழுந்துடக் கூடாது" என்றார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மாமியார் அதே வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதுகூடக் கொசுவம் கலையாமல் சேலை கட்டுபவர். ஜாக்கெட் சாயம் போயிருக்கிறது என்று மருமகளை வாசலிலிருந்து திருப்பி அனுப்பி மாற்றிவரச் சொன்னவர். ஆனால் அந்த வீட்டில் சுவருக்குக் காது தேவையில்லை. மாமியாரின் காதே போதும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எந்தச் சுற்றறிக்கைன்னு சொன்னான் அந்த அதிகாரி?"

"முப்பது வருஷத்துக்கு முன்னால வந்ததாம் அத்தை."

"அதை அடிச்சதே நான்தான். கார்பன் வெச்சு நாலு நகல். அதுல 'அமர்ந்து பணிபுரியும் பெண் ஊழியர்கள்'னு இருக்கும். அந்த 'அமர்ந்து'வை விட்டுட்டு அடிச்சுட்டேன்னு முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வெச்சாங்க. மறக்குமா?"

மறுநாள் காலை மருமகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் எதிரே அமர்ந்துவிட்டார். அந்தச் சுற்றறிக்கைக் கோப்பு கிடைக்காது என்றார் அதிகாரி. "தேடுங்க தம்பி, நாளைக்கும் வர்றேன்" என்றார் மாமியார். அப்படியே மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் பதிவறையிலிருந்து தூசும் தும்மலுமாகக் கோப்பு வந்தது. காகிதத்தின் அடியில் தட்டச்சரின் முதலெழுத்து. நடுவில், அவர் சொன்ன அதே வார்த்தை.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "இப்ப என்னம்மா பண்ணச் சொல்றீங்க?"

"உட்கார்ந்து வேலை பாக்குறவளுக்குத்தான் சேலை. இவ எங்க உட்கார்றா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். அவர் நல்ல மனிதர், விதியைத் தாண்டத் தெரியாதவர், அவ்வளவுதான். அன்று மாலையே அனுமதி தட்டச்சாகி வந்தது.

திரும்பி வரும் வழியில் மாமியார் சொன்னாராம்: "அதுல இன்னொரு வரியும் உண்டு. முழங்கை மூடுற கை வெச்ச ஜாக்கெட்தான் போடணும்னு. வெயில் காலத்துல வேர்த்துக் கொட்டும். எனக்கே எதிரான விதியை நானே பிழையில்லாம அடிச்சேன். கேக்கலாம்னுகூட அப்போ எங்களுக்குத் தெரியாதும்மா."

நான்கு பையோடு பேன்ட் தைத்தார்கள். டார்ச்சுக்கு ஒன்று, பென்சிலுக்கு ஒன்று, மற்ற இரண்டும் வெறுமனே கைவிட்டுக்கொள்ள. முதல் நாள் தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்து, யாரோ ஆம்பளை ஆள் என்று கதவைத் திறக்கவே இல்லை. மீட்டரம்மா சுவரேறிக் குதித்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த பேன்ட்டுக்குத் தினமும் இஸ்திரி போட்டது மாமியார்தான். "எதை வேணா போடு. கசங்கிப்போனதைப் போடாதே" என்பாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் மீட்டரம்மா, "என் அம்மாகூட 'ஊர் என்ன சொல்லும்'னுதான் கேட்டாங்க. அத்தை கேக்கல" என்பார்.

பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மீட்டரம்மா மேற்பார்வையாளர் ஆனார். நான் சேரும்போது நாங்கள் பதினோரு பேர். அதற்குள், வெளிவேலைப் பெண்கள் பேன்ட் சட்டைதான் அணிய வேண்டும் என்று அதுவே புதிய விதியாகியிருந்தது.

சில ஆண்டுகளில் நான் கர்ப்பமானேன். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பொத்தானும் கைவிட்டுவிட்டது. அவரிடம் போய், தொளதொளவென்று ஒரு கவுன் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"கூடவே கூடாது. கால் தடுக்கும். இதுக்காக நாங்க எவ்வளவு..." என்று ஆரம்பித்தவர், என் வயிற்றைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"நான் இப்ப அந்த அதிகாரி மாதிரியே பேசினேன் இல்ல?" என்றார்.

அவரே காகிதத்தை எடுத்தார். 'வேலைக்கும் உடலுக்கும் ஏற்ற உடை' என்று ஒரு திருத்தம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. "நீ கவுனைப் போட்டுட்டுப் போ. யாராவது கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு" என்றார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டார். மாடிப்படி இருக்கும் வீடுகளைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு, தரைத்தள வீடுகளை எனக்குக் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதில் எனக்காகப் படியேறினார்.

எட்டாம் மாதம் முடியும்வரை வேலைக்குப் போனேன். ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

மகள் பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு வந்தார். அதுவரை வந்த எல்லோரும் குழந்தை யார் ஜாடை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, தட்டிக்கொடுத்தபடியே என்னிடம் கேட்டார்:

"உடம்பு தேறினதும் வேலைக்கு வந்துடுவே இல்ல? உன் தெருவை யாருக்கும் குடுக்கல."