பாதி ஊமையான பேஸ் கிடார்

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறான். இப்போதெல்லாம் கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் பேஸின் அடிநாதத்தையும் வாசித்துவிடுகிறார். அதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்ற பேச்சு குழுவில் அடிக்கடி வரும். அவனுடைய கிடாரின் கழுத்து வளைந்துபோனதும், பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் உறையோடு கிடந்த பழையதொன்றை வாங்கிவந்தான். அந்த வீட்டுப் பெரியவர் எந்தக் காலத்திலோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கிடாரின் தலையில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டிருந்தது.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பாதி ஊமை. அதில் இரண்டு பிக்கப். கம்பி அதிர்வதைச் சத்தமாக்குகிற காந்தங்கள் அவை. கீழே இருந்தது மட்டும் கீச்சென்று பேசியது. கழுத்துப் பக்கம் இருந்தது, அடித்தொண்டையில் பேச வேண்டியது, வாயே திறக்கவில்லை.

நான் கடலூர் செம்மண்டலத்தில் மைக்செட் ரிப்பேர் பார்க்கிறவன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். கிடாரை என் மேஜையில் வைத்துவிட்டு மச்சான் சொன்னான்:

“மாமா, கழுத்துப் பிக்கப்பு செத்துப் போச்சுன்னு பாண்டி கடையில சொல்லிட்டாங்க. புடுங்கிப் போட்டுட்டு வேற வச்சிக் குடுங்க. ஞாயித்துக்கெழம ரிசப்ஷன். அன்னிக்கும் கீச்சுகீச்சுன்னா எங்க குழுக்காரரு என்ன வூட்லயே இருந்துக்கச் சொல்லிடுவாரு.”

பின்மூடியின் திருகாணிகளைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒன்றின் பள்ளம்கூட மழுங்கவில்லை. அதாவது இதற்கு முன் யாரும் கழற்றவில்லை. உள்ளே ஒயர்களுக்குத் துணி உறை. ஈயப்பற்று எல்லாம் ஒரே மாதிரி மங்கி, எல்லாவற்றின் மேலும் ஒரே தூசு. பின்னால் வந்தவன் வைத்த பற்று தனியாகப் பளபளக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. மீட்டர் வைத்தேன். செத்துப்போனதாகச் சொன்ன பிக்கப்புக்கு உயிர் இருந்தது.

அப்படியானால் சத்தம் எங்கே போகிறது?

ஒயர் செருகுகிற ஜாக்கைத் திருப்பிப் பார்த்தேன். சாதாரணக் கிடாரில் இரண்டு நாக்கு இருக்கும். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று எர்த்துக்கு. இதில் மூன்று. மூன்றாவது நாக்குக்குக் கழுத்துப் பிக்கப்பின் ஒயர் நேராக வந்தது. செய்தவர்களே ஸ்டீரியோவாகச் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு பிக்கப்பும் தனித்தனி ஆம்ப்ளிஃபயருக்குப் போகட்டும் என்று. நாம் சாதா ஒயரைச் செருகியதும் அந்த நாக்கு எர்த்தோடு ஒட்டி வாயடைத்துப் போயிருக்கிறது.

எங்கள் தொழிலில் இதற்கு யோசிக்கவே மாட்டோம். எது ஸ்டீரியோவாக வந்தாலும் இரண்டு பக்கத்தையும் முறுக்கி ஒன்றாகப் பற்றவைத்துவிடுவோம். திருவிழாவில் தெரு நெடுக பாக்ஸ் கட்டுகிறோம்; கிழக்கு வரிசை வீட்டுக்குப் பாட்டும் மேற்கு வரிசை வீட்டுக்கு வெறும் வயலினும் கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் முழுப்பாட்டு. நான் எத்தனையோ செட்டை அப்படி ஒன்றாக்கியிருக்கிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கும் கை தானாகவே சால்டரிங் அயனை எடுத்துவிட்டது.

ஆனால் வைக்க முடியவில்லை. இவ்வளவு வருஷம் யாரும் தொடாத பற்று. சூடு பட்டுவிட்டால் அப்புறம் நானே நினைத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மச்சான் வேலை முக்கியமா, எவனோ வைத்த ஈயம் முக்கியமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அயனைக் கீழே வைத்தேன், எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன்.

டீ கொண்டுவந்த என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். “ஏன்டா தம்பி, கேஸ மூடுனியான்னு பஸ்ஸுல இருந்து போன் போட்டுக் கேக்குற ஆளு இவுரு. இவுருகிட்ட போயி அவசர வேல குடுக்குறியே!”

கிடாருக்குள் செய்வதை வெளியே செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மூடியைத் திருகிவிட்டு, ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு சாதா பின்னும் வைத்து ஒரு ஒயர் செய்தேன். கூடத்தின் இரண்டு மூலையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர். மச்சான் வாசித்தான். ஒரு மூலையில் தரை அதிர்ந்தது, இன்னொரு மூலையில் கம்பியின் கூர்மை. நடுவில் நின்ற என் மனைவி, “ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி இல்ல?” என்றாள். மச்சான் வாசித்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். சிதம்பரத்தில் மண்டபம். குழுவை நடத்துபவரே மிக்ஸரில் உட்காருபவர். இரண்டு பின்னையும் பார்த்தார்.

“இன்னாப்பா, ஒரு கிடாருக்கு ரெண்டு சேனலா? பாடுறவங்கள வெளிய நிக்க வைக்கட்டுமா?”

இப்படிக் கேட்பார் என்று பயந்துதான் இன்னொரு ஒயரும் செய்திருந்தேன். அதில் இரண்டையும் பின்னுக்குள்ளேயே ஒன்றாக்கியிருந்தேன். நாம் செய்வது ஒயரோடு போகட்டும். கிடார் அதுபாட்டுக்கு இருக்கட்டும். அதைக் கொடுத்தேன்.

சவுண்ட் செக்கில் மச்சான் தடித்த கம்பியைத் தட்டியதும் நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அதிர்ந்தது. குழுக்காரர் தலை நிமிரவில்லை. ஒரு பாட்டு பாதி போயிற்று. சத்தம் கூட்டுகிற ஃபேடரில் விரலை வைத்து ஏற்றினார், இறக்கினார், காதைச் சாய்த்தார். பிறகு மைக்கில், கீபோர்டுக்காரரைப் பார்த்து,

“நீ எடது கைய எடுத்துக்கப்பா” என்றார்.

அவர் இடது கையை எடுத்து, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.